குடும்பப் பந்தலில் இரவல் பிள்ளைகள்

குடும்பப் பந்தல் வருவதற்கு முன்பு எங்கள் ஊர் மைதானத்தில் தூசணப் பேச்சு வெயிலில் நின்றது. பந்தல் வந்த பிறகு நிழலில் கதிரை போட்டு இருந்துகொண்டது. அதைவிட வேறு முன்னேற்றம் எதையும் நான் காணவில்லை.

மைதானம் விசுவமடுவிலிருந்து உள்ளே போகிற வீதியில் இருக்கிறது. வயல் வெட்டி முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே உதைபந்தாட்டம் நடக்கும். சுற்றிவரக் கயிறு, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், ஒரு ஐஸ்பழ வான், மிச்சமெல்லாம் ஆம்பிளைகள். பெண்களாகிய நாங்கள் வீதியோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கலாம். பார்த்தது போதும் என்றால் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். அவ்வளவுதான் எங்களுக்கு இருந்த வசதி.

கனடாவில் இருக்கிற ஊரவர் ஒருவர் ஒரு விடுமுறைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு மனம் நொந்து போனார். அங்கே குடும்பங்களுக்கென்று தனியாக இருக்கை உண்டாம். அங்கே இருந்து ஒருவன் வாயைத் திறந்து ஒரு கெட்ட சொல் சொன்னால், தோளில் தட்டி எழுப்பி வெளியே கொண்டுபோய் விடுவார்களாம். பெண்களும் பிள்ளைகளும் வந்தால்தான் விளையாட்டு வளரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தகரமும் பைப்பும் கதிரைகளும் வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார். நல்ல மனுசன். எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியாது, பாவம்.

பந்தல் எழும்பியது. பலகையும் வந்தது. "குடும்பங்களுக்கு மட்டும். தகாத வார்த்தை பேசுவோர் வெளியேற்றப்படுவர்." பலகையை வீதிப் பக்கம் பார்க்க ஆணி அடித்தார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். வீதியால் போகிற மாடுகள் நன்றாக வாசித்துத் திருந்தியிருக்கும். யார் வெளியேற்றுவது என்று அதில் எழுதவில்லை. பலகையில் இடம் போதாமல் போயிருக்கலாம்.

பிள்ளை கொண்டு வராதவருக்குப் பந்தலில் கதிரை இல்லை என்று விளையாட்டுக் கழகம் ஒரு சட்டம் போட்டது. சட்டத்தில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஆம்பிளைகள் ஒரே கிழமையில் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வீதியில் போகிற பிள்ளையை மறித்து, ஐஸ்பழம் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். இரவல் சைக்கிள் கேள்விப்பட்டிருக்கிறேன், இரவல் நகையும் போட்டிருக்கிறேன். இரவல் பிள்ளையை அங்கேதான் கண்டேன். கல்யாணமே கட்டாத ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கூட்டாளிகளுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

பெற்ற தாய் தகப்பன் அதுவரை வீட்டில் வைத்திருந்த பிள்ளைகளையெல்லாம் இப்படித் தேடிப் பிடித்து, தூசணம் நன்றாகக் கேட்கிற இடத்தில் கொண்டுவந்து இருத்தியதுதான் அந்தப் பந்தல் செய்த சேவை. கொஞ்சம் பண்பானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், பேச முன்னர் மடியில் இருக்கிற பிள்ளையின் ஒரு காதைக் கையால் பொத்துவார்கள். ஒரு காதை. மற்றக் காது கழகத்துக்கு எழுதிக் கொடுத்ததாக்கும்.

பேச்சும் ஒரு புதுப் பேச்சு இல்லை. நடுவர் ஊதினாலும் அந்தப் பேச்சு, ஊதாவிட்டாலும் அந்தப் பேச்சு. பிழை விட்டது நடுவர். வாங்கிக் கட்டுவது அவருடைய அம்மா. பந்தைத் தவறவிட்டது ஒரு பெடியன், அதற்கு இழுபடுவது அவனுடைய அக்கா. ஆம்பிளைகள் இருபத்திரண்டு பேர் ஓடுகிற விளையாட்டில், அங்கே வராத பெண்களுக்குத்தான் முழு அடியும். இதைச் சொன்னால் "அது சும்மா வாய்ப் பழக்கம் டீச்சர், மனசில ஒண்டுமில்லை" என்பார்கள். மனதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான்.

நான் முன்பள்ளி ஆசிரியை. திங்கட்கிழமை காலையில் அந்தப் பந்தலின் பெறுபேறு என்னிடம்தான் வரும். ஒரு திங்கள், நாலு வயதுப் பெடியன் ஒருவன் பிளாஸ்டிக் ஆனையை நிமிர்த்தி வைக்கப் பார்த்தான். அது விழுந்தது. திரும்ப வைத்தான், திரும்பவும் விழுந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த ஆனையின் தாயைப் பற்றி அவன் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. குரலை ஏற்றி இறக்கினது, கடைசியில் "ச்சா" என்று தலையை ஆட்டினது எல்லாம் பந்தலில் முன்வரிசையில் இருக்கிற ஒருவரை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த ஒருவர்தான் கழகத் தலைவர். பிரதி அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் என்றால் அவர்தான். காலைப் பிரார்த்தனையில், பிழை செய்த பிள்ளையை மேடையில் ஏற்றி மூன்று விசயம் சொல்லவைப்பார். என்ன பிழை செய்தேன், எங்கே பழகினேன், இனிச் செய்ய மாட்டேன். அந்த மூன்றையும் மைக்கில் சொல்லி முடித்தால்தான் வகுப்புக்குப் போகலாம். ஊரில் பாதிப்பேர் அந்த மேடையில் நின்று அழுதவர்கள். அவரே மைதானத்துக்கு வந்தால் வேறு ஆள். வெள்ளைச் சேர்ட்டும் திருநீறுமாக முன்வரிசையில் இருந்து அவர் பேசுகிற பேச்சுக்கு, மீன்வாடியில் இருக்கிறவர்களே காதைப் பொத்த வேண்டும். முள்ளிவாய்க்காலில் இருந்து விளையாட வந்த பெடியள் ஒருநாள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

அவருடைய பிள்ளைகள் எல்லாரும் ஜெர்மனியில். ஆகவே அவருக்கும் ஒரு இரவல் பிள்ளை தேவைப்பட்டது. அவர் எடுத்தது என்னுடைய மகளை.

மகளுக்குப் பதினொரு வயது. கழகத்தின் பெண் பிள்ளைகள் அணிக்குக் கோல் கீப்பர். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, பந்து வருகிற திசைக்கு அவளுடைய கால் முதலே போயிருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டு முற்றத்துச் சுவரோடு மல்லுக்கட்டுவாள். கிளிநொச்சியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுப்போட்டி வருகிறது என்று அறிவித்த நாளில் இருந்து அவள் வேறொன்றும் கதைக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்தடி எதற்கு என்று கேட்ட சொந்தக்காரரையெல்லாம் நான் ஒவ்வொருவராகச் சமாளித்துத்தான் அவளை அந்த மைதானத்துக்குள் இறக்கினேன். ஒரு சின்னச் சாட்டுக் கிடைத்தால் போதும், மறித்துவிடுவார்கள். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

"எங்கட கோலி வாங்கோ, என்ர பக்கத்தில இருங்கோ" என்று தலைவர் கூப்பிட்டபோது நான் என்ன செய்வது? அணியைத் தெரிவு செய்கிறவரும் அவர்தான். பெண் பிள்ளைகளின் ஆட்டம் முதலில் முடியும். பிறகு பெரிய பெடியளின் ஆட்டம். அது முடியும்வரை அவள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். நான் இரண்டு வரிசை பின்னால் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் பந்தலுக்கு வருவதில்லை. கதிரையில் இருந்து பார்ப்பது கிழடுகளின் வேலை என்று சொல்லி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கூட்டாளிகளோடு நிற்பார். மேசன் வேலை செய்கிறவர். வீட்டில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. மகளை "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவார். கோல் கம்பத்தடியில் நிற்கும்போது அந்த மனுசனுக்கு என்ன பேய் பிடிக்குமோ தெரியாது. அங்கே இருந்து வருகிற சத்தத்தில் அவருடைய குரலைப் பிரித்து எடுக்க எனக்கு ஒரு நிமிசம் போதும். பிள்ளைக்குக் கேட்கும் என்று வீட்டில் சொன்னால், அவள் விளையாட்டில் நிற்கிறாள், அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது என்பார். கோல் கீப்பர் எங்கே நிற்பார் என்று இவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஆனையின் கதையோடு நான் தலைவரிடம் போனேன். அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு மிகவும் கவலைப்பட்டார். "இந்தப் போன்தான் டீச்சர் எல்லாத்தையும் பழுதாக்குது" என்றார். பந்தலில் பேசுகிறார்கள் என்று சொன்னேன். ஓமோம், சில பேர் அப்படித்தான், சொல்லிவைக்கிறேன் என்றார். அந்தச் சில பேரில் தானும் ஒருவர் என்ற எண்ணம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. அடுத்த ஞாயிறு ஒலிபெருக்கியில் கைத்தொலைபேசியின் தீமைகள் பற்றி ஒரு உரை நடத்திவிட்டு, வந்து கதிரையில் இருந்து, முதல் விசிலுக்கே நடுவரின் தாயைக் கூப்பிட்டார்.

சந்தியில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அக்கா ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளோடு என் பக்கத்தில் வந்து இருப்பார். அன்றைக்கு அவர் எழும்பிப் போனவர், பிறகு வரவில்லை. அவர் போனதும் அந்த மூன்று கதிரைகளுக்கும் இரவல் பிள்ளைகளோடு வந்த ஆம்பிளைகளுக்குள் சண்டை நடந்தது.

இனித்தான் கதை.

அக்கராயனில் இருந்து பெண் பிள்ளைகளின் அணி ஒன்று வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றார்கள். முடியப் போகிற நேரம் எங்கள் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி காலுக்குள் வந்த பந்தை விட்டுவிட்டாள். என் மகள் பாய்ந்து விழுந்தும் விரல் நுனியில் தட்டிப் பந்து உள்ளே போனது. புழுதிக்குள் இருந்து எழும்பி, இடுப்பில் கையை வைத்து, அந்தப் பிள்ளையைப் பார்த்து என் மகள் ஒரு சொல் சொன்னாள். ஏற்றி இறக்கி, முழுதாக. கடைசியில் "ச்சா".

நடுவர் ஓடி வந்தார். மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் தன்னைப் பெற்ற தாய்க்கு அதே சொல்லை வாங்கிக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி நின்ற நடுவர். அந்தச் சிவப்பு அட்டையை அதுவரை அவர் வெளியே எடுத்து நான் காணவில்லை. பொக்கற்றோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்திருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு நேரே அதை நீட்டினார். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் தலையில் கை வைத்தார்கள். "பொம்பிளைப் பிள்ளையின் வாயில் வாற கதையோ இது" என்று ஒருவர் கேட்டார். அவருடைய மடியில் யாரோ வீட்டுப் பிள்ளை ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதையெல்லாம் ஆண்டுக்கணக்காகப் பேசிப் பேசி மைதானத்தை நாற வைத்தவர்கள், அது ஒரு பெண் பிள்ளையின் வாயால் திரும்பி வந்தவுடன் மூக்கைப் பொத்துகிறார்கள். வெட்கம் கெட்டதுகள்.

ஆட்டம் முடிந்ததும் பந்தலுக்குள்ளேயே கூட்டம் போட்டார்கள். என்னையும் கணவரையும் கூப்பிட்டார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. எல்லாம் கணவரைப் பார்த்துத்தான். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றார். வளர்ப்பைப் பற்றி ஒருவர் பேசினார். போனைப் பற்றி இன்னொருவர். அணியை விட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு குரல் வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இந்தப் பந்தலில் இதைப் பேசாதவர் யாராவது இருந்தால் எழும்பி நின்று என் பிள்ளையை எடுக்கச் சொல்லட்டும் என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. ஆனால் எல்லாருக்கும் கோபம் வந்தது. "நீர் கொஞ்சம் பேசாமல் இரும்" என்றார் கணவர்.

கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன் பிள்ளை மைக்கில் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பள்ளிக்கூட முறைப்படி மூன்று விசயமும் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கும் விளையாடலாம், கிளிநொச்சிக்கும் போகலாம். சொல்லாவிட்டால் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். தலைவர் பெரிய மனது பண்ணிவிட்டார் என்று எல்லாரும் கலைந்து போனார்கள்.

அந்தக் கிழமை முழுக்க மகள் சுவருக்குப் பந்தடிக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், படுத்தாள். மைக்குக்கு முன்னால் நின்று அழுதால் அதோடு விளையாட்டையே விட்டுவிடுவாள் என்று தெரியும். இவர்களுக்கு வேண்டியதும் அதுதான் என்றும் தோன்றியது. சனிக்கிழமை குசினிக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, எங்க பழகினனான் எண்டு சேர் கேப்பாரோ?"

கேட்பார் என்றேன்.

"என்ன சொல்லுறது?"

ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். போன் என்று சொன்னால் எல்லாருக்கும் சந்தோசம். கைதட்டிக்கூட விடுவார்கள். "கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு வழமையைவிடச் சனம். ஒரு பெண் பிள்ளை மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வருகிற கூட்டம் எந்தக் கிண்ணத்துக்கும் வராது. பந்தல் நிரம்பி வழிந்தது. தலைவர் மைக்கைக் கையில் எடுத்து, ஒழுக்கம், பண்பாடு, எதிர்காலச் சந்ததி என்று நீட்டி முழக்கினார். கழகம் இந்தப் பிள்ளையை மன்னித்து விளையாட விடப்போகிறது என்பதையும் தன் வாயாலேயே ஊருக்கு அறிவித்தார். பிறகு மைக்கை மகளின் வாய்க்கு நேரே பிடித்தார். அவள் அணிச் சட்டையோடு, கையுறையோடு நின்றாள். அழவில்லை.

"நான் போன கிழமை விளையாடேக்க தூசணம் சொன்னனான். அது பிழை. எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலைவர் தலையாட்டினார். இவ்வளவோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவர் தலைவர் இல்லையே. முப்பது வருசப் பழக்கம் சும்மா இருக்க விடுமோ.

"சரி. இப்பிடியான சொல்லை எங்க பழகினீர்? போனில பாத்தீரோ? வெக்கப்படாமல் சொல்லும் பிள்ளை."

"இல்லை சேர். இஞ்சதான். நீங்கள் என்னைப் பக்கத்துக் கதிரையில இருத்தி வச்சிருந்தீங்கள். நடுவரை நீங்கள் அப்பிடித்தான் பேசுறனீங்கள்."

இரண்டு குழாய்களும் அதை எடுத்துக்கொண்டு போயின. ஒன்று சந்திப் பக்கம், மற்றது கோயில் பக்கம். மகளின் குரலில் குறும்பு இல்லை, கோபமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரல். அதுதான் அவரை அடித்துப் போட்டது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பார். அவர் சொல்லிக் கொடுத்த முறைப்படி, அவர் கேட்ட கேள்விக்கு, அவர் பிடித்த மைக்கில் சொன்ன பதிலுக்கு என்ன செய்வது?

"வேற..." என்று மகள் தொடங்கினாள். கோல் கம்பத்தின் பக்கம் ஒருதரம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அவ்வளவுதான் சேர். இனிமேல் சொல்ல மாட்டன்."

மூன்றும் முடிந்தது. அவள் விலகிவிட்டாள். மைக் இப்போது அவர் கையில் இருந்தது. சனம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் மேடையில் ஏற்றி அழவைத்த பிள்ளைகள்தான் இன்றைக்கு மீசையும் தொந்தியுமாகச் சுற்றிவர நின்றார்கள். அந்த மூன்றில் ஒன்றையாவது அவர் சொல்வாரா என்று நானும் பார்த்தேன். தொண்டையைச் செருமினார். "ஆட்டம் இப்போது ஆரம்பமாகும்" என்றார். அதுதான் அவருடைய ஒழுக்கம். முப்பது வருசம் பிள்ளைகளிடம் பிடுங்கிய சொல்லில் ஒன்றுகூட அவருடைய சொந்த வாயில் ஏறவில்லை.

மகள் போய்க் கோலுக்குள் நின்றாள். அன்றைக்கு இரண்டு கோல் வாங்கினாள். பந்தலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இரவல் பிள்ளைகள் ஐஸ்பழம் தின்று முடித்து, சத்தம் இல்லாத விளையாட்டில் சலித்துப்போய் இறங்கி ஓடிவிட்டார்கள். துணிக்கடை அக்கா கடைக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாராம். துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். கிளிநொச்சிக்குப் போகிற அணியில் மகளின் பெயரை வெட்ட யாராலும் முடியவில்லை. ஊரறிய அறிவித்ததை எப்படித் திருப்பி எடுப்பது?

ஆட்டம் முடிந்து மூவரும் மோட்டார் சைக்கிளில் வந்தோம். கணவர் முன்னால், மகள் நடுவில், நான் பின்னால். மைதானத்தைத் தாண்டியதும் கணவர் வாய்க்கால் பாலத்தடியில் தொடங்கினார். தலைவர் வயதுக்கு மூத்தவராம். ஊருக்குள் மதிப்பான மனுசனாம். நாளைக்கு அவருடைய முகத்தில் எப்படி முழிப்பதாம். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளை நடுவில் இருக்கிறாளே என்று விழுங்கினேன்.

"மன்னிப்பைக் கேட்டிட்டு வந்திருக்கலாம் பிள்ளை. ஆரிட்டப் பழகினது எண்டதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார்.

மகள் கையுறையை மடியில் வைத்துப் புழுதி தட்டிக்கொண்டிருந்தாள். தகப்பனின் முதுகைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"ஒராளைச் சொல்லாமல் விட்டனான்தானே, அப்பா."

அவர் கியரை மாற்ற மறந்து, வீடு வரைக்கும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினார்.